சின்னப் பிள்ளைகளோடு தஞ்சை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோழர் காலத்து மூன்று பெரிய கோயில்களையும் கைக்குழந்தை முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளோடு அவசரமில்லாமல் பார்க்க நினைப்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள். தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. மற்ற இரண்டும் 2004இல் அதனுடன் இணைக்கப்பட்டன. மூன்றிலும் இன்றும் பூசை நடக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது.

மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியாதா?

வண்டி ஓட்டுகிறவருக்கு முடியும், பிள்ளைக்கு முடியாது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கி.மீ. தாராசுரம் கும்பகோணத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் இன்னொரு 35 கி.மீ. காகிதத்தில் எளிதாகத் தெரியும். ஆனால் நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலை நான்கு மணி வாக்கில்தான் மறுபடி திறப்பார்கள். அதனால் காலையிலேயே இரண்டு கோயிலை முடித்துவிடலாம் என்று ஓடுவார்கள். இரண்டாவது கோயிலுக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை ஆகியிருக்கும். கல் தரை கொதிக்கும், பிள்ளை இடுப்பை விட்டு இறங்காது, அப்பாவும் அம்மாவும் மாறி மாறிச் சுமப்பார்கள். யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு வேளைக்கு ஒரு கோயில் போதும். கையில் இருப்பது ஒரே நாள்தான் என்றால் ஒரே கோயிலுக்குப் போங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் தாராசுரம்தான் எங்கள் முதல் தேர்வு. காரணம் கீழே வருகிறது.

எத்தனை நாள் வேண்டும், எங்கே தங்கலாம்?

நான்கு இரவு இருந்தால் நிம்மதி: தஞ்சாவூரில் இரண்டு, கும்பகோணத்தில் இரண்டு. முதல் நாள் வந்து இறங்கியதும் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, மாலையில் பெரிய கோயிலுக்குச் சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். மறுநாள் காலை அதே கோயிலைப் பொறுமையாகப் பாருங்கள், மாலையில் அரண்மனை. மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கும்பகோணம் போய் மதியம் ஓய்வெடுத்தால் மாலையில் தாராசுரம். நான்காம் நாள் விடிந்ததும் கங்கைகொண்ட சோழபுரம், மாலையில் சுவாமிமலை.

இரண்டு இரவுதான் கிடைக்கும் என்றால் தஞ்சாவூரிலேயே தங்குங்கள். பெரிய கோயிலை ஒரு மாலையும் ஒரு காலையும் என இரண்டு முறை பார்ப்பது, மூன்று கோயிலை ஒவ்வொரு முறை பார்ப்பதைவிடப் பிள்ளைகள் மனதில் நிற்கும். முதல் தடவை மிரண்டு அம்மா கையை விடாத பிள்ளை, இரண்டாவது தடவை நந்தியிடம் தானே ஓடும். விடுதி எடுக்கும்போது நீச்சல் குளத்தைவிட, கோயிலிலிருந்து பத்து நிமிடத்தில் அறைக்குத் திரும்ப முடியுமா என்று பாருங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை டெல்டாவை நனைக்கும், இரண்டு நாள் விடாமல் பெய்வதும் சாதாரணம். பொங்கல் விடுமுறையில் கூட்டம் தாங்காது, அது முடிந்த வாரம் அருமையாக இருக்கும். பள்ளி விடுமுறை என்பதால் மே மாதத்தைத் தவிர வழியில்லை என்றால் காலை ஆறிலிருந்து எட்டரை, மாலை ஐந்துக்கு மேல் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதோஷத்தன்று மாலை பெரிய கோயில் நந்தி அபிஷேகத்துக்கு ஊரே திரளும். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்குக் கங்கைகொண்ட சோழபுரம் நிரம்பி வழியும். பார்க்க வேண்டியவைதான், ஆனால் முதல் தடவை நடைபழகும் பிள்ளையோடு வேண்டாம். நாள் குறிக்கும் முன் காலண்டரைப் புரட்டிவிடுங்கள்.

கோயிலில் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நிழல் இருக்கும்?

பயணத் திட்டத்தில் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பெரிய கோயில் கிழக்குப் பார்த்தது. 216 அடி என்று வழக்கமாகச் சொல்லப்படும் அந்த விமானம் (கருவறைக்கு மேல் எழும் கோபுரம்) வெட்டவெளித் திருமுற்றத்தில் நிற்பதால், அங்கே பெரிய நிழல் தருவதும் அதுதான். காலையில் நிழல் விமானத்துக்கு மேற்கே விழும். மாலையில் கிழக்கே, நந்தி மண்டபத்தை நோக்கி நீளும். தை, மாசியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்குப் பக்கச் சுவரோரம் நாள் முழுக்கக் குளிர்ச்சியாக இருக்கும். மே மாதத்தில் இது மாறிவிடும், காலையிலும் மாலையிலும் தெற்குப் பக்கத்தில் நிழல் கிடைக்கும்.

எனவே காலையில் போனால் நந்தியைப் பார்த்த கையோடு பின்பக்கம் போய்விடுங்கள். மேற்குப் பக்கத்தில் நிதானமாக இருந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திருச்சுற்று மாளிகைக்குள் நுழைந்துவிடலாம். அது நான்கு புறமும் சுற்றி ஓடும் தூண் வரிசை, கூரை உண்டு. பால் கொடுக்க, டயப்பர் மாற்ற, அடம் பிடிக்கும் பிள்ளையைத் தணிக்க அதைவிட நல்ல இடம் கோயிலுக்குள் இல்லை.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்கிறார்களே?

விழும். மாலை நாலரை மணிக்கு முற்றத்தில் நின்றால் பிள்ளைகளே அதன் மேல் நடக்கலாம். இதை ஒரு விளையாட்டாகவே வைத்துக்கொள்ளுங்கள். நிழலின் நுனி எங்கே முடிகிறது என்று ஒரு இலையை வைத்து, பத்து நிமிடம் கழித்து வந்து பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று காலடியால் அளப்பார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு யாரோ சொன்னதைத் தானே சோதித்துப் பார்த்த பெருமை பெரிது.

தரை சூட்டை எப்படிச் சமாளிப்பது?

செருப்பு வைக்கும் இடம் வாசலுக்கு வெளியே. அங்கிருந்தே வெறுங்கால் நடை தொடங்கிவிடும். காலுறையைப் பையின் அடியில் வைத்துவிட்டு, செருப்பைக் கொடுத்த பிறகு கொதிக்கும் தரையில் நின்று தேடுவதுதான் பலரும் படும் பாடு. செருப்பைக் கழற்றும் முன்பே மாட்டிவிடுங்கள். பருத்தியில் கொஞ்சம் தடித்த காலுறை, ஒரு பிள்ளைக்கு இரண்டு ஜோடி. அடியில் ரப்பர் புள்ளி வைத்தது கிடைத்தால் நல்லது, மழமழவென்ற கல்லில் வெறும் காலுறை வழுக்கும். சன்னதிக்குள் நுழையும்போது கழற்றிவிடுங்கள்.

காலை ஒன்பதரைக்கு மேல் உங்கள் உள்ளங்காலை நம்பாதீர்கள், பிள்ளையின் தோல் மெல்லியது. புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து வினாடி தாங்க முடியவில்லை என்றால் அந்தத் தரை பிள்ளைக்கு ஆகாது. தேங்காய்நார்ப் பாய் விரித்திருந்தால் அதன் மேலேயே நடத்திக் கூட்டிப் போங்கள். கால் சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ் கட்டி, பற்பசை எதுவும் வேண்டாம்.

தள்ளுவண்டி எடுத்துப் போகலாமா?

விடுதிக்கும் ரயில் நிலையத்துக்கும் சரி. கோயிலுக்குள் வாசலுக்கு வாசல் நிலைப்படி குறுக்கே நிற்கும், படிகள் உண்டு, மண்டபங்களுக்குள் தள்ள முடியாது. இரண்டு வயதுக்குள் என்றால் மார்போடு கட்டிக்கொள்ளும் பேபி கேரியர், இல்லையென்றால் நல்ல பருத்திப் புடவைத் துணி. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நடப்பான், ஆனால் திரும்பும்போது தூக்கச் சொல்வான். அதற்காக ஒருவர் தோளில் பை இல்லாமல் வர வேண்டும்.

பெரிய கோயிலில் பிள்ளைக்கு என்ன காட்டுவது?

ஆண்டு, அரச வம்சம், கட்டடக்கலைச் சொற்கள் எல்லாம் பிறகு. முதலில் கண்ணால் தேடிப் பிடிக்கக்கூடியதைக் கொடுங்கள்.

ராசராசன் திருவாசலில் இரண்டு பக்கமும் மிகப் பெரிய துவாரபாலகர்கள் நிற்கிறார்கள். ஒருவரின் காலடிப் பக்கம் பிள்ளையைக் கூட்டிப் போய், அங்கே ஒரு பாம்பு என்ன செய்கிறது என்று கேளுங்கள். உற்றுப் பார்த்தால் அது ஒரு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானை எவ்வளவு பெரியது என்று பிள்ளைக்குத் தெரியும். அந்த யானையையே விழுங்குகிற பாம்பு எவ்வளவு பெரியது? அந்தப் பாம்பே காலடியில் சிறிதாகத் தெரிகிறது என்றால் இந்தக் காவலர் எவ்வளவு பெரியவர்? இவரே வாசலில் காவல் நிற்கிறார் என்றால் உள்ளே இருப்பவர்? சிற்பி இந்தக் கணக்கைக் கல்லில் போட்டு வைத்திருக்கிறார். நான்கு வயதுப் பிள்ளைகூட ஒவ்வொரு படியாகக் கண்ணை விரித்துக்கொண்டு வரும். அதே வாசலின் அடிப்பகுதியில் மார்க்கண்டேயர் போன்ற கதைகள் சிறுசிறு சிற்பங்களாக உள்ளன. குனிய வேண்டியது நீங்கள்தான், பிள்ளைக்குக் கண்ணுக்கு நேரே இருக்கும்.

அடுத்தது நந்தி. ஒரே கல், சுமார் 12 அடி உயரம், நாயக்கர் காலத்தது. அது வளர்ந்துகொண்டே போனதால் முதுகில் ஆணி அடித்தார்கள் என்ற கதையைச் சொல்லுங்கள், கதை என்று சொல்லியே சொல்லுங்கள். பிறகு திருமதில் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சின்ன நந்திகளை எண்ண விடுங்கள். எண்ணிக்கை முக்கியமில்லை, எண்ணிக்கொண்டே ஒரு பக்கம் முழுக்க நடந்துவிடுவார்கள்.

விமானத்தின் வடக்குப் பக்கத்தில், மேலே, தொப்பி போட்ட ஐரோப்பியர் போன்ற ஓர் உருவம் இருக்கிறது. பிற்காலத்தில் சேர்த்தது. சின்ன பைனாகுலர் இருந்தால் கண்டுபிடிப்பது சுகம். வெறும் கண்ணாலும் முடியும், ஆனால் பிள்ளை கழுத்து வலிக்கிறது என்று விட்டுவிடும். புல்தரையில் மல்லாந்து படுக்க வைத்துத் தேடச் சொல்லுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் “எப்படிக் கட்டினார்கள்?” வரும். 1010இல் ராசராசன் காலத்தில் முடிந்த கோயில். காவிரி வண்டல் நிலத்தில் பாறையே கிடையாது, அத்தனை கருங்கல்லும் வெளியூரிலிருந்து வந்தது என்று சொல்லுங்கள். எதில் கொண்டுவந்தார்கள் என்று அவர்களையே யோசிக்க விடுங்கள்.

கருவறையைச் சுற்றியுள்ள உள்பாதையின் சோழர் ஓவியங்களும் மேல்தளத்தின் கரணச் சிற்பங்களும் (நடன நிலைகள்) பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருப்பதில்லை. அங்கே போகலாம் என்று பெரிய பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கல்வெட்டைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டி என்ன பயன்?

தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டிருக்கும் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய புதையல் கிடையாது. ஆயிரம் ஆண்டு ஆகியும் ப, ம, ட, வ போன்ற சில எழுத்துகளை அடையாளம் கண்டுவிடலாம். புள்ளி மட்டும் பெரும்பாலும் இருக்காது என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு நோட்டில் நான்கு எழுத்தை எழுதிக் கொடுத்துத் தேட விடுங்கள்.

காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் வெளிச்சம் சாய்வாக விழும்போது வெட்டுக்குள் நிழல் நின்று எழுத்து துலக்கமாகத் தெரியும். உச்சி வெயிலில் சுவர் தட்டையாகிவிடும். நிழல் பக்கமாக இருந்தால் ஒரு சின்ன டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்து எழுந்து நிற்கும். சாக்பீஸ், மாவு, தண்ணீர் எதையும் தடவக் கூடாது.

பெரிய கோயிலில் ராசராசன் வெட்டச் சொன்ன வரி ஒன்று உண்டு: “நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்” விமானத்தில் கல்லிலே வெட்டுக என்று. அக்கன் என்றது அக்காள் குந்தவையை. தான் கொடுத்ததற்கு அடுத்து அக்கா கொடுத்ததைத்தான் அரசன் எழுதச் சொல்கிறான். அக்கா தம்பியாக வந்திருக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

தாராசுரம் ஏன் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது?

ஏனென்றால் அங்கே நல்லதெல்லாம் கீழேயே இருக்கிறது. இரண்டாம் ராசராசன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில் பெரிய கோயிலைவிட மிகச் சிறியது, சுற்றிப் பார்க்க எளிது. முன்மண்டபம் தேர் வடிவம்: சக்கரம் இருக்கிறது, பாயும் குதிரை இருக்கிறது, படிக்கட்டின் பக்கவாட்டில் யானை இருக்கிறது. எல்லாம் மூன்றடி உயரப் பிள்ளையின் கண்மட்டத்தில்.

யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் ஒன்று இருக்கிறது. ரிஷபகுஞ்சரம் என்பார்கள். காளையின் உடலைக் கையால் மறைத்தால் யானை, யானையின் உடலை மறைத்தால் காளை. சிற்பத்தைத் தொடாமல், கண்ணுக்கு முன்னால் உள்ளங்கையைப் பிடித்து மறைக்கப் பழக்குங்கள். இந்த ஒன்றிலேயே கால் மணி நேரம் போகும், போகட்டும்.

கருவறை வெளிச்சுவரின் அடியில் நாயன்மார் கதைகள் ஒரு முழம் அளவுகூட இல்லாத சிற்பங்களாக ஓடுகின்றன. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்ட கதையையும் கண்ணப்பர் கதையையும் முந்தின இரவே படுக்கையில் சொல்லி வைத்துவிட்டால், மறுநாள் பிள்ளை அதைத் தேடிக்கொண்டே நடக்கும். கதை தெரியாமல் போனால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும்.

தட்டினால் ஒலிக்கும் பலிபீடப் படிகளைப் பற்றி முன்கூட்டியே ஆசை காட்ட வேண்டாம். தட்டித் தட்டித் தேய்ந்ததால் கம்பி அடைத்துவிட்டார்கள், பார்க்கத்தான் முடியும்.

கங்கைகொண்ட சோழபுரம் அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

பிள்ளை காரில் வாந்தி எடுக்கும் என்றால் விட்டுவிடலாம். இல்லையென்றால் போங்கள். மூன்றிலும் ஓட இடம் உள்ளது இங்கேதான், வார நாளில் கூட்டமும் குறைவு. ராசேந்திரன் கட்டிய விமானம் தஞ்சையை விடச் சற்று உயரம் குறைவு, மேலே போகப் போக உள்வாங்கி வளையும். தஞ்சை விமானம் நேர்கோட்டில் ஏறும். இரண்டையும் பார்த்த பிள்ளையை வரையச் சொன்னால் வித்தியாசம் தாளில் வந்துவிடும்.

வடக்குப் பக்கம் சிங்கக் கிணறு இருக்கிறது. சிங்கத்தின் உடலுக்குள் நுழைந்து படியிறங்கிக் கிணற்றுக்குப் போகும் அமைப்பு. பிள்ளைகளுக்கு அது பெரிய ஈர்ப்பு, பெற்றோருக்கு அதுவே பெரிய கவலை. கைப்பிடிச் சுவரில் ஏற விடாதீர்கள், ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

ஏழு வயதுக்கு மேல் என்றால் சுமார் இரண்டு கி.மீ. தள்ளியுள்ள மாளிகைமேட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். அகழ்ந்து எடுத்த அரண்மனையின் செங்கல் அடித்தளம் அது. ராசாவின் வீடு செங்கல், சாமியின் வீடு கல், எது மிச்சம் இருக்கிறது என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள். திரும்பும் வழியில் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை வரும். 1836இல் அதைக் கட்டியபோது இந்தக் கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் பெயர்த்துக் கல் எடுத்தார்கள். கோயிலைச் சுற்றி ஏன் பெரிய மதில் இல்லை என்று கேட்கும் பிள்ளைக்கு விடை அங்கே இருக்கிறது.

கும்பகோணத்தில் காலை ஆறரைக்கு வண்டி எடுத்தால் ஏழரை, ஏழே முக்காலுக்குள் சேரலாம். பத்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். ஊர் சிறியது, பிள்ளைக்கு வேண்டிய சாப்பாட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

தாத்தா பாட்டிக்குத் தரிசனம் முக்கியம், பிள்ளையோ அழுகிறது. என்ன செய்வது?

இரண்டு குழுவாகப் பிரியுங்கள். பெரியவர்கள் வரிசையில் போகட்டும், ஒருவர் பிள்ளையோடு வெளியே இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். கருவறை வழி இருட்டு, வௌவால் வாடை இருக்கலாம், தீபாராதனை நேரத்தில் மணியும் மேளமும் ஓங்கி ஒலிக்கும். மூன்று வயதுப் பிள்ளை பயப்படுவது இயல்பு. “உள்ளே இருட்டாக இருக்கும், மணி பெரிதாக அடிக்கும், அப்புறம் விளக்கு காட்டுவார்கள்” என்று முன்பே வரிசையாகச் சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும். கூட்டம் இல்லாமல் கும்பிட வார நாளில் விடிகாலைதான் சரி.

சாப்பாடும் தண்ணீரும்?

கோயிலுக்குப் போகும் முன் பால், ஒரு வாழைப்பழம். வந்த பிறகு இட்லி. முழுச் சாப்பாடு போட்டுக் கூட்டிப் போனால் ஒன்று தூக்கம், இல்லையென்றால் கழிப்பறை. விடுதியை விட்டுக் கிளம்பும் முன்பும் கோயில் வாசலிலும் ஒரு முறை கழிப்பறைக்கு அனுப்பிவிடுங்கள், உள்ளே போன பிறகு திரும்பி வருவது நீண்ட நடை. கோயில் வளாகத்துக்குள் உணவு சாப்பிட அனுமதி இல்லை, தண்ணீர் மட்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பிள்ளைக்கு அரை லிட்டர் தண்ணீர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது கொடுப்பது போதாது, கால் மணிக்கு ஒரு முறை இரண்டு மடக்கு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு பையில் இருக்கட்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பாதிப் பொடியைக் கண்ணளவாக ஒரு டம்ளரில் கரைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. உப்பு அதிகமாகிப் பிள்ளைக்குக் கெடுதலாகும். வயிற்றுப்போக்கு வந்து பாக்கெட் கிடைக்கவில்லை என்றால் ஒரு லிட்டருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

மதியத்துக்கு ஓட்டலில் தயிர் சாதம், பருப்பு சாதம் எங்கும் கிடைக்கும். கும்பகோணம் டிகிரி காபி பெரியவர்களுக்கு.

ரயிலா, காரா?

சென்னையிலிருந்து என்றால் ரயில். எழும்பூரிலிருந்து தஞ்சாவூருக்கு உழவன் விரைவு வண்டி இரவில் போகிறது. பிள்ளை தூங்கி எழும்போது ஊர் வந்திருக்கும். பகலில் வயலும் ஆறும் பார்த்துக்கொண்டு போக விரும்பினால் சோழன் விரைவு வண்டி. ஐந்து வயதுக்குள் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். இரவுப் பயணத்துக்கு ஏழு வயதுப் பிள்ளையோடு ஒரே படுக்கையில் நெருக்கிக்கொள்வது சிக்கனமே இல்லை, மறுநாள் இருவருக்கும் வீணாகும்.

அங்கே போய் வாடகைக் கார் எடுத்தால் குழந்தை இருக்கை இருக்காது. உங்களுடையதைக் கொண்டு போக முடிந்தால் கொண்டு போங்கள். முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொண்டு போவது மட்டும் கூடவே கூடாது.

கூட்டத்தில் பிள்ளை தவறிவிட்டால்? அடிபட்டால்?

காலையில் கிளம்பும்போது அன்றைய உடையோடு பிள்ளையை ஒரு படம் எடுத்து வையுங்கள். என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் மறந்துவிடும். உங்கள் கைப்பேசி எண்ணைப் பிள்ளையின் முன்கையில் பேனாவால் எழுதுங்கள். தவறினால் அங்கேயே நிற்க வேண்டும், பிள்ளையோடு வந்திருக்கும் வேறொரு அம்மாவிடமோ சீருடை போட்ட காவலரிடமோ சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். நந்தி மண்டபத்தைச் சந்திக்கும் இடமாக வைக்காதீர்கள், எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

அடி என்றால் பெரும்பாலும் நிலைப்படியில் கால் கட்டைவிரல் இடிப்பதுதான். பஞ்சு, பிளாஸ்டர், கிருமிநாசினி போதும். விமானத்தில் மலைத்தேனீக் கூடு தொங்கினால் அதன் கீழே நிற்காமல் நகர்ந்துவிடுங்கள், பிள்ளைகளைக் கத்தவும் கல்லெறியவும் விடாதீர்கள்.

தொடாதே, ஏறாதே என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமா?

“தொடாதே” என்பதைவிட “கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்” என்பது வேலை செய்யும். யானை, குதிரைச் சிற்பத்தின் மேல் உட்கார வைத்துப் படம் எடுக்காதீர்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு தடவை என்று எண்ணித்தான் காது, தந்தம், மூக்கெல்லாம் மழுங்கிப்போயின. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் உண்டு. சுவரில் பெயர் கீறுவதும் அதில் அடங்கும்.

கோயில் போதும் என்று பிள்ளை சொல்லிவிட்டால்?

தஞ்சாவூர் அரண்மனைக்குப் போங்கள். தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு அங்கே இருக்கிறது. கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர் செப்புத் திருமேனியைத் தவற விடாதீர்கள். காளை மேல் சாய்வதுபோல் கை இருக்கும், ஆனால் காளை இல்லை. எதன் மேல் சாய்ந்திருக்கிறார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

அந்தச் செப்புத் திருமேனியைப் பார்த்த பிறகு சுவாமிமலையில் சிற்பிகளின் பட்டறைக்குப் போனால் எல்லாம் ஒன்று சேரும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, மேலே காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். மெழுகு வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். உலோகம் ஊற்றும் நேரம் என்றால் சின்னப் பிள்ளைகள் வாசலுக்கு வெளியே. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள்.

தலையாட்டி பொம்மையைக் கிளம்பும் நாளில் வாங்குங்கள், முதல் நாளே வாங்கினால் கையிலிருந்து இறங்காது.

மழை பிடித்துக்கொண்டால்?

தாராசுரம் கோயில் சுற்றியுள்ள தரையைவிடத் தாழ்வாக இருப்பதால் பெருமழையில் தண்ணீர் தேங்கும், அன்று அதைத் தள்ளி வைத்து அரண்மனைக் கலைக்கூடத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். தூறல்தான் என்றால் பெரிய கோயிலுக்குத் தாராளமாகப் போகலாம். திருச்சுற்று மாளிகையில் நனையாமல் நடக்கலாம், தரையும் சுடாது. ஈரக் கல்லில் காலுறை வழுக்கும், அன்று வெறுங்கால்தான். பிள்ளைக்கு மாற்று உடையும் ஒரு துண்டும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கையோடு இருக்கட்டும்.